முதுகுத்தண்டும் மண்டையோட்டின் அடித்தளமும்: வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

சிக்கலான முதுகெலும்பு, மண்டையோட்டு அடித்தள ஆபரேஷன்கள் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே பொருளைத் தொட்ட கடிதங்களை ஒன்றாக்கியிருக்கிறோம். பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் 28 மி.மீ. கட்டி. இரண்டு ஓரப் பார்வையும் மங்கிவிட்டதால் கதவு நிலையில் இடித்துக்கொள்கிறார். மூக்கு வழியே எடுக்கலாம் என்கிறார்கள். மூக்கு வழியாக மூளைப் பக்கம் போனால் கிருமி தொற்றாதா? அந்த ஓட்டையை எதை வைத்து அடைப்பார்கள்?

பதில்: ஆபரேஷன் தேதி குறிப்பதற்கு முன் புரோலாக்டின் ரத்தப் பரிசோதனை செய்தார்களா என்று பாருங்கள். கட்டி அந்த ஹார்மோனைச் சுரக்கும் வகை என்றால் பார்வை மங்கியிருந்தாலும் பொதுவாக முதலில் காபர்கோலின் மாத்திரைதான். பெரும்பாலான கட்டிகள் அதிலேயே சுருங்கும். இதில் ஆளை ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. மிகப் பெரிய கட்டியில் ஹார்மோன் எக்கச்சக்கமாக இருந்தால், ஆய்வகக் கருவி திணறிப்போய்க் குறைந்த எண்ணைக் காட்டிவிடும். அதனால் பெரிய கட்டிக்கு மாதிரியை 100 மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி அளக்கச் சொல்வது வழக்கம். கார்ட்டிசாலும் (உடலே சுரக்கும் ஸ்டீராய்டு) தைராய்டும் கூடவே பார்க்கப்பட வேண்டும். இரண்டும் குறைவாக இருந்தால் முதலில் ஸ்டீராய்டு, பிறகுதான் தைராய்டு மாத்திரை. வரிசை மாறினால் ரத்த அழுத்தம் சரிந்து ஆபத்தாகிவிடும்.

ஆபரேஷனில் 4 மி.மீ. தடிமனுள்ள எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாய் மூக்குத் துளை வழியே போகும். மூக்கின் நடுச்சுவரின் பின்பகுதியில் சிறு வழி எடுத்து, ஸ்பீனாய்டு என்ற காற்றறையைத் திறந்து, அதன் பின்சுவரில் உள்ள மெல்லிய எலும்பை நீக்கினால் மூளையுறை தெரியும். இரண்டு பக்கமும் மூளைக்குப் போகும் கரோடிட் ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. உறையைக் கீறுவதற்கு முன் ரத்த ஓட்டத்தை ஒலியாக்கும் சிறிய டாப்ளர் கருவியை வைத்து அவை எங்கே இருக்கின்றன என்று கேட்டுப் பார்ப்பார்கள். கட்டி பெரும்பாலும் மென்மையானது. வளைந்த கரண்டி போன்ற கருவியாலும் உறிஞ்சியாலும் வந்துவிடும். கீழ்ப்பகுதியையும் பக்கங்களையும் முதலில் காலி செய்து, நடுமேற்பகுதியைக் கடைசியில் எடுப்பதுதான் முறை. மேலே அவசரப்பட்டால் கூரைச் சவ்வு சீக்கிரமே கீழே தொங்கி, ஓரங்களில் இருக்கும் கட்டியை மறைத்துக்கொள்ளும்.

கிருமி பயம் நியாயமானதே. ஆனால் தொற்றுக்கு முக்கியக் காரணம் மூக்கு அல்ல, கசிவு. மூளைநீர் மூக்குக்குள் சொட்டும் வழி திறந்திருந்தால்தான் மூளையுறை அழற்சி வரும். ஆகவே அடைப்பதில்தான் கவனமெல்லாம். கசிவே இல்லை என்றால் சிறிதளவு கொழுப்பும் ஃபைப்ரின் பசையும் போதும். துளை பெரிதாகி நீர் வேகமாக வந்தால் உள்ளே ஓர் அடுக்கு, தொடையிலிருந்து எடுத்த தசையுறையில் ஓர் அடுக்கு, அதன் மேல் மூக்கின் நடுச்சுவரிலிருந்து ரத்தக்குழாயோடு உரித்துத் திருப்பிய சவ்வு என்று பல அடுக்காக மூடுவார்கள். ரத்தக்குழாயோடு கூடிய இந்தச் சவ்வு மடிப்பு 2006-இல் விவரிக்கப்பட்ட பிறகு, பெரிய துளைகளில் கசிவு வெகுவாகக் குறைந்தது. உயிருள்ள திசு என்பதால் அது எலும்போடு ஒட்டி வளரும். ஆனால் அடியில் அந்தக் காற்றறையின் பழைய சவ்வு மிச்சமிருந்தால் ஒட்டாது. அதைச் சுரண்டி எடுப்பது அலுப்பான வேலை; அங்கே சோம்பினால் பத்து நாளில் கசியும்.

வீட்டுக்கு வந்த பின் மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். முக்கி மலம் கழிக்காமல் இருக்க மருந்து தருவார்கள். தூக்கத்தில் முகமூடி வழியே காற்றுக் கொடுக்கும் கருவி வைத்திருந்தால் மருத்துவரைக் கேட்காமல் மாட்டக் கூடாது. குனிந்தால் மூக்கிலிருந்து தண்ணீர் போலச் சொட்டுவதும் தொண்டையில் உப்புச் சுவையும் கசிவின் அடையாளம். அன்றே போங்கள்.

மருத்துவமனையில் இருக்கும்போது சிறுநீர் அதிகம் போகலாம். தொடர்ந்து இரண்டு மணி நேரம், மணிக்கு 250 மி.லி.க்கு மேல் போனால் ரத்தத்தில் சோடியம் பார்த்து, தேவைப்பட்டால் சிறுநீரைக் குறைக்கும் டெஸ்மோபிரெசின் கொடுப்பார்கள். குடும்பங்கள் கோட்டைவிடுவது அடுத்த கட்டத்தில். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை, அதாவது வீட்டில் இருக்கும்போது, சோடியம் கீழே இறங்கக்கூடும். தலைவலி, குமட்டல், குழப்பமான பேச்சு என்று வந்தால் அதை ஆபரேஷன் களைப்பு என்று தள்ளிவிடாதீர்கள். ஏழாம் நாள் வாக்கில் ஒரு சோடியம் பரிசோதனைக்கு இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: முதுகெலும்பில் ஸ்க்ரூ போடும் ஆபரேஷனை ரோபோ உள்ள இடத்தில் செய்தால் ஸ்க்ரூ தவறாதா?

பதில்: ஸ்கேனில் குறித்த பாதையில் துளைக்க ரோபோ உதவும். எலும்பில் பொருத்திய அடையாளக் கம்பி யாருடைய முழங்கையாவது பட்டு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால், ரோபோவும் அதே தன்னம்பிக்கையோடு ஒரு மில்லிமீட்டர் தள்ளித் துளைக்கும். மேசையிலேயே சரிபார்ப்பு ஸ்கேன் எடுக்கிறார்களா என்று கேளுங்கள். அது கூடுதல் பயனுள்ள கேள்வி.

கேள்வி: காது நரம்பில் 3 செ.மீ. கட்டி. எட்டு மணி நேரம் ஆபரேஷன் செய்துவிட்டு, முகநரம்பின் மேல் சிறு துண்டை விட்டுவிட்டோம் என்கிறார்கள். பாதியில் விட்ட ஆபரேஷனா இது?

பதில்: இல்லை. அந்தத் துண்டை விட முடிவெடுத்தவர் உங்கள் முகத்தைக் காப்பாற்றியிருக்கிறார்.

முகத்தை அசைக்கும் நரம்பு இந்தக் கட்டியின் முன்புறத்தில், பல நேரம் டிஷ்யூ தாள் போல விரிந்து, கட்டியின் தோலோடு ஒட்டிக் கிடக்கும். நுண்ணோக்கியில்கூட எது நரம்பு, எது கட்டி என்று பிரித்துச் சொல்ல முடியாத இடம் ஒன்று இருக்கும். வழக்கமாக அது காது எலும்பின் வாசலை ஒட்டியே இருக்கும். மின் தூண்டுகோலால் நரம்பைத் தொட்டால் முகத்தசையில் பதிவு வரும். மூளைத்தண்டின் அருகே 0.05 மில்லிஆம்பியர் அளவுக்கே பதில் வந்தால் நரம்பு நன்றாக இருக்கிறது என்று பொருள். உரிக்க உரிக்க அந்த எண் ஏறினால் நிறுத்த வேண்டிய நேரம் வந்துவிட்டது. கட்டி சாதுவானது, மெதுவாக வளர்வது. ரத்த ஓட்டம் இழந்த மெல்லிய மிச்சம் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். வளர்ந்தால், கத்தியில்லாமல் குறிவைத்துக் கதிர் பாய்ச்சும் கதிர் அறுவை இருக்கிறது: கட்டியின் ஓரத்துக்கு 12 முதல் 13 கிரே (கதிரின் அளவு), ஒரே அமர்வு. அறுந்த முகநரம்புக்கு அப்படிப்பட்ட நல்ல மாற்று எதுவும் கிடையாது.

மூன்று மாதத்தில் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்து, அதை அடிப்படையாக வைத்துக்கொண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பிடுங்கள். முதல் வாரங்களில் எடுத்தால் ஆபரேஷன் வீக்கமும் மிச்சமும் ஒன்றாகத் தெரிந்து வீண் கலக்கம் வரும்.

முகம் இப்போது கோணியிருந்தால் கண்தான் முதல் வேலை. பகலில் அடிக்கடி செயற்கைக் கண்ணீர், இரவில் களிம்பு போட்டு இமையை டேப்பால் மூட வேண்டும். கண்ணைத் தொட்டால் உணர்ச்சியே இல்லை என்றால் கருவிழிப் புண் வலிக்காமலே வந்துவிடும். அந்த வாரமே கண் மருத்துவர் பார்க்க வேண்டும். இன்னொன்று: காதுக்குப் பின்னால்தானே கீறினார்கள் என்று நினைத்து, மூக்கில் வரும் நீரைச் சளி என்று விட்டுவிடுகிறார்கள். காதின் பின்னெலும்பில் உள்ள காற்றறைகள் வழியாக மூளைநீர் நடுக்காதுக்கு வந்து, அங்கிருந்து மூக்குக்கு இறங்கும். குனிந்தால் ஒரு மூக்கில் மட்டும் தெளிந்த நீர் வந்தால் சொல்லுங்கள்.

கேள்வி: மகளுக்கு 16 வயது. கழுத்தின் முதல் இரண்டு எலும்புகள் நழுவியிருக்கின்றன. கை கால் விறைக்கிறது. ஸ்க்ரூ போட்டால் கழுத்தைத் திருப்பவே முடியாதா? பிசியோதெரபியில் சரியாகாதா?

பதில்: பிசியோதெரபியில் நழுவல் சரியாகாது. தண்டுவடம் ஏற்கெனவே நசுங்குகிறது என்பதைத்தான் விறைப்பு சொல்கிறது. ஆபரேஷன் வரை கழுத்தை நெட்டி முறிப்பது, பிடித்துவிடுவது, இழுத்துத் தொங்கவிடுவது எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.

முதல் எலும்பின் முன்வளையத்துக்கும் இரண்டாம் எலும்பின் முளைக்கும் நடுவே உள்ள இடைவெளி பெரியவர்களுக்கு 3 மி.மீ.க்கும் சிறு குழந்தைகளுக்கு 5 மி.மீ.க்கும் மேல் போகக் கூடாது. குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் படத்தில் அது மாறுகிறதா என்று பார்ப்பார்கள். அடுத்தது ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ. மூளைக்குப் போகும் முதுகெலும்புத் தமனி இந்த இரண்டு எலும்புகளையும் சுற்றி வளைந்துதான் ஏறுகிறது. பிறவியிலேயே எலும்பு மாறியவர்களுக்கு அந்தத் தமனி, ஸ்க்ரூ நுழைய வேண்டிய இடத்திலேயே குறுக்கே ஓடலாம். இந்தப் படம் இல்லாமல் இங்கே ஸ்க்ரூ போடக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

மயக்கம் கொடுக்கும்போதே ஆபத்து தொடங்குகிறது. வழக்கம்போலத் தலையைப் பின்னால் சாய்த்துக் குழாய் போட்டால் தண்டுவடம் நசுங்கும். அதனால் கழுத்தை அசைக்காமல், வளையும் கேமராவின் துணையோடு குழாய் இறக்குவார்கள். பிறகு குப்புறப் படுக்க வைத்து, பின்கழுத்தைத் திறந்து, இரண்டு எலும்புகளுக்கும் நடுவேயுள்ள மூட்டையே திறந்து குருத்தெலும்பைச் சுரண்டி, எலும்புத் துண்டோ சிறு தாங்கியோ வைத்து, நழுவலை இழுத்துச் சரி செய்வார்கள். பிறகு பக்கத்துக்கு இரண்டு ஸ்க்ரூ, பெரும்பாலும் 3.5 மி.மீ. தடிமன், அவற்றை இணைக்கக் கம்பி. முதல் எலும்பின் பக்கவாட்டில் உள்ள தடித்த பகுதியிலும் இரண்டாம் எலும்பிலும் தனித்தனியாக ஸ்க்ரூ போடும் இந்த முறையை மும்பையின் டாக்டர் அதுல் கோயல் 1994-இல் வெளியிட்டார்; ஸ்க்ரூ-கம்பி வடிவம் 2001-இல் ஜெர்மனியின் ஹார்ம்ஸ் மூலம் பரவியது. முன்பெல்லாம் வாய் வழியே போய் அந்த முளையையே வெட்டி எடுத்த பலருக்கு, இன்று பின்னாலிருந்து நழுவலைச் சரிசெய்வதே போதுமானதாக இருக்கிறது.

துளைக்கும்போது தமனி கிழிந்தால் என்ன செய்வார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அந்தத் துளையிலேயே ஸ்க்ரூவை முடுக்கி ரத்தத்தை அடைப்பார்கள். அதன் பிறகு மறுபக்கத்தில் தமனிக்கு ஆபத்தான ஸ்க்ரூவைத் தொடவே கூடாது. இரண்டு தமனியும் போனால் மூளைத்தண்டுக்கு ரத்தம் இருக்காது. ஒரு பக்கத்தோடு நிறுத்தி, ஆஞ்சியோ எடுத்துப் பார்த்த பின் மீதியை யோசிக்கலாம்.

இனி உங்கள் கேள்வி. தலை திருப்புவதில் ஏறக்குறைய பாதி இந்த ஒரு மூட்டில்தான் நடக்கிறது, அது போய்விடும். மீதிப் பாதி கீழ்க்கழுத்தில் இருக்கிறது. இளம் வயதினர் தோளையும் சேர்த்துத் திருப்பப் பழகிவிடுவார்கள். மண்டையோட்டையும் சேர்த்துப் பூட்ட வேண்டி வந்தால் தலையாட்டலும் குறையும். அப்போது தலையை எந்தக் கோணத்தில் பூட்டுகிறார்கள் என்பது முக்கியம்: தாடை நெஞ்சை நோக்கித் தாழ்ந்தபடி பூட்டிவிட்டால் விழுங்குவதும் மூச்சு விடுவதும் சிரமமாகும். பின்தலையில் மரத்துப் போவது அடிக்கடி வருவது. மூட்டை அடைய அங்கே குறுக்கிடும் நரம்பை ஒதுக்கவோ வெட்டவோ நேர்கிறது. எலும்பு சேர்ந்ததா என்று சி.டி.யில் பார்த்த பிறகே விளையாட்டு.

கேள்வி: ஸ்க்ரூ, கம்பி போட்ட பிறகு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

பதில்: டைட்டானியம் என்றால் எடுக்கலாம். அந்த இடத்தில் மட்டும் படம் கொஞ்சம் கலங்கும். எந்த உலோகம் என்று டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வால் எலும்புப் பகுதியில் கட்டி. கார்டோமாவாக இருக்கலாம் என்கிறார்கள். ஊசி போட்டுச் சதை எடுத்தால் பரவிவிடும் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள்.

பதில்: கார்டோமா என்பது எலும்பில் தோன்றும் ஓர் அரிய வகைப் புற்று. உறவினர்கள் சொல்வதில் கால்வாசி உண்மை. ஊசி போன பாதையில் கார்டோமா செல்கள் தங்கி வளரக்கூடும். அதனால் ஊசியே வேண்டாம் என்பதல்ல. எந்த வழியாக என்பதுதான் கேள்வி. பின்னாலிருந்து, நடுக்கோட்டை ஒட்டி, ஆபரேஷனில் வெட்டி எடுக்கப்போகும் தோலின் வழியாகவே ஊசி போக வேண்டும். போன இடத்தில் அடையாளம் இட வேண்டும். பிறகு அந்தப் பாதையும் கட்டியோடு ஒரே துண்டாக வெளியே வரும். மலக்குடல் வழியே மட்டும் எடுக்க விடாதீர்கள். எடுத்தால் பாதையை நீக்க மலக்குடலையும் வெட்ட நேரிடலாம்.

இந்தக் கட்டிக்கு வழக்கமான கீமோ வேலை செய்வதில்லை. முதல் ஆபரேஷனில் உறை கிழியாமல் முழுதாக எடுப்பதுதான் பெரிய வாய்ப்பு. மறுமுறை வந்தால் ஒவ்வொரு முறையும் கடினமாகும். சிறுநீர், மலக் கட்டுப்பாடு எந்த நரம்புகள் மிஞ்சுகின்றன என்பதைப் பொறுத்தது: வால் எலும்புக்கு மேலுள்ள திரிக எலும்பின் வழியே வரும் நரம்புகளில், இரண்டு பக்கமும் இரண்டாவதும், ஒரு பக்கமாவது மூன்றாவதும் இருந்தால் பலருக்குக் கட்டுப்பாடு திரும்பும். அதற்கு மேலே வெட்டினால் சிறுநீருக்குக் குழாயும் மலத்துக்குப் பையும் தேவைப்படலாம். இதைக் கையெழுத்துப் போடும் முன்பே பேசிவிட வேண்டும். கார்டோமா மண்டையோட்டின் அடியில், மூளைத்தண்டுக்கு முன்னால் வந்தால் ஒரே துண்டாக எடுப்பது நடக்காது. அங்கே முடிந்தவரை மூக்கு வழியே எடுத்துவிட்டு, 70 கிரேக்கு மேற்பட்ட கதிர், கிடைத்தால் புரோட்டான், கொடுப்பார்கள்.

கேள்வி: கழுத்தில் தசைநார் எலும்பாகிவிட்டதாம். வலியே இல்லை. சட்டைப் பித்தான் போடத்தான் வரவில்லை, நடை தள்ளாடுகிறது. வலி வரும்போது ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

பதில்: வலிக்காகக் காத்திருந்தால் கை போய்விடும். தண்டுவடம் நசுங்குவது பலருக்கு வலிக்காது. பித்தானும் தள்ளாட்டமுமே அதன் மொழி. பத்து விநாடியில் கையை எத்தனை தடவை மூடித் திறக்க முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். 20-க்குக் கீழே என்றால் கவலைப்பட வேண்டும். அதுவரை படிக்கட்டிலும் குளியலறையிலும் விழாமல் இருப்பது முக்கியம். சாதாரண விழுதலே கைகால்களை ஒரேயடியாக முடக்கக்கூடும்.

கழுத்தை முன்னாலிருந்து திறப்பதா, பின்னாலிருந்து திறப்பதா என்பதைக் கழுத்தின் வளைவும் எலும்பின் கனமும் தீர்மானிக்கும். பக்கவாட்டுப் படத்தில் இரண்டாம், ஏழாம் எலும்புகளின் அளவில் தண்டுவடக் குழாயின் நடுப்புள்ளிகளை ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள். எலும்பான பகுதி அந்தக் கோட்டைத் தாண்டாமல் முன்னால் இருந்தால், பின்புறம் குழாயின் எலும்புக் கூரையைக் கதவு போலத் திறந்து விட்டாலே தண்டுவடம் பின்னால் நகர்ந்து விடுபடும். தாண்டியிருந்தால், அல்லது குழாயில் 60 சதவீதத்துக்கு மேல் அடைத்திருந்தால் பின்வழி பலன் தராமல் போகலாம். முன்வழியில் மூளையுறையே எலும்பாகி ஒட்டியிருப்பது உண்டு, சி.டி.யில் இரட்டைக் கோடாகத் தெரிந்தால் சந்தேகிப்போம். அங்கே எல்லாவற்றையும் பிய்த்து எடுக்கத் துணியாமல், எலும்பைத் தாள் அளவுக்கு மெலிதாக்கி, நான்கு ஓரமும் வெட்டி மிதக்க விட்டுவிடுவதே நல்லது. தண்டுவடம் அதைத் தானே முன்னால் தள்ளிக்கொள்ளும்.

ஆபரேஷனுக்குப் பின் முதல் சில நாளில் ஒரு தோள் தூக்க முடியாமல் போவது நூற்றில் ஐந்து பேர் அளவில் நடக்கிறது. பலருக்கு மாதங்களில் திரும்பும். முன்வழி ஆபரேஷன் அன்று இரவு கழுத்து வீங்கி மூச்சு முட்டினால் மட்டும் ஸ்கேனுக்கு அழைத்துப் போகக் கூடாது. உள்ளே ரத்தம் கட்டியிருக்கும். படுக்கையிலேயே தையலைப் பிரித்து விட வேண்டும்.

கேள்வி: மகனின் முதுகு வளைவு 105 டிகிரி. ஆபரேஷன் நடுவில் ‘சிக்னல் போய்விட்டது’ என்று நிமிர்த்தாமலே மூடிவிட்டார்கள். இன்னொரு நாள் செய்யலாம் என்கிறார்கள். என்ன நடந்தது?

பதில்: தலையில் மின் தூண்டல் கொடுத்து, கால் தசையில் பதிவு வருகிறதா என்று ஆபரேஷன் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பதிவு விழுந்தால் முதலில் ரத்த அழுத்தத்தின் சராசரியை 85-க்கு மேல் ஏற்றுவார்கள். ஹீமோகுளோபின், உடல் வெப்பம், மயக்க வாயுவின் அளவு, கழன்ற ஒயர் எல்லாவற்றையும் சில நிமிடங்களில் பார்ப்பார்கள். கடைசியாகச் செய்த திருத்தத்தைத் தளர்த்துவார்கள். பிறகு ஸ்க்ரூவோ எலும்பு விளிம்போ தண்டுவடத்தை அழுத்துகிறதா என்று பார்ப்பார்கள். இவ்வளவுக்கும் திரும்பவில்லை என்றால் மயக்கத்தை இலேசாக்கி “காலை ஆட்டு” என்று சொல்லிப் பார்ப்பதும் உண்டு. நிமிர்த்தாமல் மூடியதால் உங்கள் மகன் கால்களோடு வெளியே வந்திருக்கிறான். அடுத்த இரண்டு நாள் ரத்த அழுத்தத்தை விழவிடாமல் பார்ப்பது அவசியம். தாமதமாக வரும் பலவீனமும் உண்டு.

இந்த அளவு வளைவுக்குப் பல இடங்களில் தலையில் வளையம் பொருத்திச் சில வாரங்கள் மெல்ல இழுப்பார்கள். சில கிலோவில் தொடங்கி, உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை படிப்படியாக ஏற்றுவது. விழித்திருக்கும் குழந்தைதான் அங்கே சிறந்த மானிட்டர்: இரட்டையாகத் தெரிகிறது, கை மரத்துப்போகிறது என்று சொன்னால் உடனே எடையைக் குறைப்பார்கள். அடுத்த ஆபரேஷனுக்கு முன் இந்த வழி மகனுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்று முதுகெலும்புக்குப் பரவி, மூன்று நாளாகக் கால் தளர்கிறது. கதிர் போதும் என்கிறார் ஒருவர், ஆபரேஷன் என்கிறார் இன்னொருவர்.

பதில்: கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டிய விஷயம் அல்ல இது, இதழ் வரும் முன்பே உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்காக: ஸ்டீராய்டு உடனே, முழு முதுகுக்கும் எம்.ஆர்.ஐ. அன்றே. 2005-இல் வெளியான ஆய்வில், ஒரே இடத்தில் தண்டுவடம் நசுங்கியவர்களுக்கு ஆபரேஷனும் கதிரும் சேர்த்துக் கொடுத்ததில் 84 சதவீதம் பேர் நடந்தார்கள்; கதிர் மட்டும் பெற்றவர்களில் 57 சதவீதம். கதிருக்கு எளிதில் கரையும் லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்று) போன்றவை அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அவற்றுக்குக் கதிரே போதும். இப்போதெல்லாம் கட்டி முழுவதையும் எடுப்பதில்லை. தண்டுவடத்தைச் சுற்றி இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி உண்டாக்கி, ஸ்க்ரூவால் எலும்பைத் தாங்கவிட்டு, மீதியைத் துல்லியக் கதிருக்கு விடுகிறார்கள். கட்டி சிறுநீரகத்திலிருந்தோ தைராய்டிலிருந்தோ வந்தது என்றால் ஆபரேஷனுக்கு முந்தின நாள் அதன் ரத்தக்குழாய்களை அடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் மேசையில் ரத்தம் நிற்காது. கால் முழுதும் செயலிழந்து இரண்டு நாளுக்கு மேல் ஆகிவிட்டால், நடக்க வைப்பதற்காக ஆபரேஷன் செய்வதில் பலன் அரிது.